கறுப்புப் படமும் கூடிப் பார்த்தோரும்

தமிழில் தொகைநூல்களைப் பயில்வோர் ஓர் உண்மையை நன்கறிவர். பாட்டைப் பாடியவர் ஒருவர். அப்பாட்டுக்கு வகையும் பெயரும் வகுத்தவர் வேறொருவர். குறுந்தொகையில் இடம்பெற்ற புலவர் எவரும் தாம் குறுந்தொகை பாடுவதாக எண்ணிப் பாடவில்லை. அளவிற் சிறிய அகப்பாடல்களைப் பின்னொரு காலத்தில் ஒருவர் திரட்டினார். பூரிக்கோ என்பது அவர் பெயர் எனப் பழங்குறிப்புக் கூறுகிறது. திரட்டிய பின்னரே நூற்பெயர் அமைந்தது. தம் பெயரையே காலத்திடம் பறிகொடுத்த புலவர்களின் நிலை இன்னும் வியப்புக்குரியது. அவர்தம் பாடலில் ஒளிர்ந்த ஒரு தொடரையே எடுத்து அவர்க்குப் பெயராகச் சூட்டினர் தொகுத்தோர். செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று நாம் இன்று போற்றும் பெயர்கள் எல்லாம் கேட்டோர் இட்ட பெயர்கள்.

கவிஞர் வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு மலரில் அமெரிக்கத் துப்பறியும் படங்களைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். விடை மேற்கூறிய உண்மையிலேயே இருக்கிறது. 1940-களில் ஹாலிவுட்டில் உருவான ஒருவகைக் குற்றப் படங்கள் இன்று உலகெங்கும் 'ஃபிலிம் நுவார்' என்னும் பிரெஞ்சுப் பெயரால் வழங்குகின்றன. 'கறுப்புப் படம்' என்பது அதன் நேர்பொருள். ஸ்டூடியோக்கள் அவற்றை மர்மப் படம் என்றும் குற்றக் கதை என்றும் மெலோடிராமா என்றும் சொல்லித்தான் விற்றன. கடலுக்கு அப்பால் ஒரு நகரில், ஒரு கோடையில், அவற்றை அடுத்தடுத்துக் கண்ட பார்வையாளர்களே அவற்றிடையே ஓர் உறவைக் கண்டனர், பெயரும் இட்டனர். கூடிப் படித்தலையும் கூடிப் பேசுதலையும் பத்தாண்டாகச் செய்துவரும் நமக்கு இவ்வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது.

1946: பாரிஸ் நகரத்துக் கோடை

1940-இல் ஜெர்மானியப் படை பாரிஸ் நகருக்குள் புகுந்தது. 1944-இல் நகரம் விடுதலை பெறும் வரை அங்குள்ள திரையரங்குகளில் அமெரிக்கப் படங்களுக்கு இடமில்லை. போர் முடிந்தபின் பிரான்சு பெருங்கடனில் மூழ்கியிருந்தது. அக்கடனைத் தீர்த்துக்கொள்ளும் பேச்சின் பகுதியாக லெயோன் பிளூமும் அமெரிக்க அயலுறவு அமைச்சர் ஜேம்ஸ் பர்ன்ஸும் 1946 மே 28 அன்று ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். மூன்று மாதத்துக்கு நான்கு வாரங்கள் பிரெஞ்சுப் படங்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. எஞ்சிய வாரங்கள் வெளிநாட்டுப் படங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. பிரெஞ்சுத் திரைத்துறையினர் இதனை வன்மையாக எதிர்த்தனர். அவர்தம் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும் அவ்வுடன்பாட்டின் விளைவுகளுள் ஒன்றை எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அடைபட்டிருந்த மதகு திறந்ததுபோல் ஐந்தாண்டுப் படங்கள் ஒருசேர வந்து விழுந்தன. ஜான் ஹூஸ்டனின் 'த மால்டீஸ் ஃபால்கன்', ஆட்டோ பிரெமிங்கரின் 'லாரா', எட்வர்ட் டிமிட்ரிக்கின் 'மர்டர், மை ஸ்வீட்', பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி', ஃபிரிட்ஸ் லாங்கின் 'த உமன் இன் த விண்டோ' ஆகியவை அக்கோடையின் சில வாரங்களுக்குள் பாரிஸில் திரையிடப்பட்டன. அமெரிக்கர்கள் இவற்றை வேறு நூறு படங்களின் நடுவே, சிதறலாகப் பார்த்திருந்தனர். பாரிஸ் பார்வையாளரோ ஒரே மூச்சில் பார்த்தனர். தனித்தனி மலராக இருந்தபோது புலப்படாத நிறம் மாலையாகத் தொடுத்தபோது புலப்பட்டது.

நினோ ஃபிராங்க் என்பவர் இத்தாலியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த திறனாய்வாளர். 'லெக்ரான் ஃபிரான்சே' என்னும் வார இதழில் 1946 ஆகஸ்டு 28 அன்று அவர் எழுதிய கட்டுரை இப்படங்களைப் புதியதொரு குற்றக்கதை வகை என்று அடையாளம் காட்டியது. யார் கொன்றார் என்னும் புதிரினும் கொன்றவரின் முகமும் மனமும் இப்படங்களில் முதன்மை பெறுவதை அவர் எடுத்துரைத்தார். 'கறுப்பு' என்னும் அடைமொழியையும் ஆண்டார். அவ்வாண்டு நவம்பரில் ழான் பியேர் ஷார்த்தியே, அமெரிக்கரும் கறுப்புப் படங்களை எடுக்கின்றனர் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு மற்றொரு கட்டுரை எழுதினார். அவருடைய நோக்கு கடுமையானது. இப்படங்களில் நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று அவர் குறைப்பட்டார். பாராட்டியவரும் பழித்தவரும் ஒரே சொல்லைக் கையாண்டதால் அச்சொல் நிலைபெற்றது.

அச்சொல்லுக்கு முன்வரலாறும் உண்டு. 1930-களின் இறுதியில், மார்செல் கார்னேயின் 'மூடுபனித் துறை' போன்ற பிரெஞ்சுப் படங்களைச் சில இதழ்கள் 'கறுப்பு' என்று இகழ்ந்திருந்தன. 1945-இல் கல்லிமார் பதிப்பகத்தில் மார்செல் துயமேல் ஒரு துப்பறியும் நூல்வரிசையைத் தொடங்கினார். கறுப்பு அட்டையுடன் வந்த அந்த வரிசை 'கறுப்பு வரிசை' எனப் பெயர் பெற்றது. அப்பெயரைத் தந்தவர் ழாக் பிரெவேர் என்னும் கவிஞர். 'மூடுபனித் துறை'க்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. வசையாகப் பிறந்த சொல்லை ஒரு கவிஞர் நூல்வரிசையின் பெயராக்க, அது ஓராண்டில் ஒரு திரைப்பட வகைக்கு உரியதாயிற்று.

கறுப்புப் பறவை

அவ்வைந்து படங்களுள் காலத்தால் மூத்தது 1941-இல் வெளிவந்த 'த மால்டீஸ் ஃபால்கன்'. அதன் மூலநாவலை எழுதியவர் டாஷியல் ஹாம்மெட். பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் சந்துகளையும் விடுதிகளையும் காலால் நடந்து அறிந்தவர். நாவல் முதலில் 'பிளாக் மாஸ்க்' என்னும் மலிவுவிலை இதழில் 1929-30-இல் தொடராக வந்தது, 1930-இல் நூலாயிற்று. வார்னர் நிறுவனம் அதனை 1931-இல் ஒருமுறையும் 1936-இல் உருமாற்றி இன்னொரு முறையும் படமாக்கியது. மூன்றாம் முறை, அதுவரை திரைக்கதை எழுதிவந்த ஜான் ஹூஸ்டனிடம் அப்பணி வந்தது. அவர் இயக்கிய முதற்படம் அது. ஜார்ஜ் ராஃப்ட் என்னும் நடிகர் மறுத்த வேடம் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்குக் கிடைத்தது. அறுபது வயதைக் கடந்த நாடக நடிகர் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் முதன்முறையாகத் திரையில் தோன்றியதும் அப்படத்தில்தான்.

கதையைச் சுருங்கச் சொல்வோம். சாம் ஸ்பேட், மைல்ஸ் ஆர்ச்சர் இருவரும் கூட்டாகத் துப்பறியும் தொழில் நடத்துகின்றனர். ஒரு பெண் வந்து உதவி கேட்கிறாள். அன்றிரவே ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவளும் வேறு சிலரும் கருநிறப் பறவைச் சிலை ஒன்றைத் தேடி அலைவது மெல்லத் தெரியவருகிறது. உள்ளே பொன்னும் மணியும், மேலே கருஞ்சாயமும் கொண்டது என்று நம்பப்படும் வல்லூறு அது. பருத்த உடலினனாகிய கட்மன் பதினேழு ஆண்டுகளாக அதனைத் தேடி வருபவன். இறுதியில் பறவை கைக்கு வருகிறது. கத்தியால் சுரண்டிப் பார்க்கிறார்கள், ஈயம்.

பறவையின் பின்னணியில் மெய்யான வரலாறு ஒன்று உண்டு. 1522-இல் ரோட்ஸ் தீவை உதுமானியரிடம் இழந்த புனித ஜான் மருத்துவமனை வீரர் சபைக்கு, பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1530-இல் மால்டா தீவை வழங்கினார். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு வல்லூற்றைச் சிசிலியின் ஆளுநரிடம் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. உயிருள்ள, வேட்டைக்குப் பழக்கும் பறவை அது. பொற்சிலை ஹாம்மெட்டின் கற்பனை. படத்தின் தொடக்க எழுத்துகள் இச்சபையை 'டெம்ப்ளர்' என்று குறித்து, ஆண்டையும் 1539 என்கின்றன. டெம்ப்ளர் சபையோ 1312-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. நாவலில் சபையின் பெயர் சரியாகவே இருக்கிறது. போலிப் பறவையைப் பற்றிய படம் சற்றே போலியான வரலாற்றுடன் தொடங்குவது பொருத்தம்தான் போலும்.

இன்னொரு செய்தியும் சுவையானது. படப்பிடிப்புக்கென ஈயத்தால் வார்த்த பறவைச் சிலை ஒன்று 2013 நவம்பரில் நியூயார்க் ஏலமொன்றில் நாற்பது லட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று. கதைக்குள் மதிப்பிழந்த ஈயம், கண்டோர் பல்லாயிரவரின் நினைவு ஏறியதால் கதைக்கு வெளியே பொன்னாகிவிட்டது.

இருளின் இலக்கணம்

கறுப்புப் படங்களுக்கு இலக்கணம் வகுக்க முயன்ற முதல் நூல் ரேமோன் போர்தும் எத்தியேன் ஷோமத்தோனும் இணைந்து எழுதி 1955-இல் வெளியிட்டது. அமெரிக்கப் படங்களைப் பற்றிய அந்நூல் பிரெஞ்சில் எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது. கனவின் சாயல், விந்தை, காமம், இருமனப்பாடு, கொடுமை ஆகிய ஐந்தையும் இப்படங்களின் பண்புகளாக அவர்கள் கூறினர். மெய்ப்பாட்டை எட்டாக வகுத்த தொல்காப்பியத்தைக் கற்ற நமக்கு இம்முறை புதிதன்று. கதைப்பொருளைக் கொண்டு வகுக்காமல், காண்போர் உள்ளத்தில் எழும் உணர்வைக் கொண்டு அவர்கள் வகுத்தனர். 1972-இல் பால் ஷ்ரேடர் எழுதிய புகழ்பெற்ற ஆங்கிலக் கட்டுரையும் தொனியும் மனநிலையுமே இவற்றை இணைப்பவை என்று வாதிட்டது.

அவ்வுணர்வு எவ்வாறு உருவாக்கப்பட்டது? விளக்கொளியைக் குறைத்து, முகத்தின் ஒரு பாதியை இருளில் விடுதல்; சன்னல் மறைப்பின் பட்டைகளைச் சுவர்மீதும் மனிதர்மீதும் நிழலாக வீழ்த்துதல்; காமிராவைத் தாழ வைத்து, அறையின் கூரை தலைமேல் அழுத்துவதுபோலக் காட்டுதல்; முடிவை முன்னே வைத்து, நடந்ததைப் பின்னோக்கிச் சொல்லுதல் ஆகியவை வழக்கமான உத்திகள். 'டபுள் இன்டெம்னிட்டி'யில் குண்டடிபட்ட ஒருவன் தன் குற்றத்தைத் தானே ஒலிப்பதிவுக் கருவியில் சொல்வதாகவே படம் நடக்கிறது. முடிவு தெரிந்தபின் பார்ப்பவர்க்கு எஞ்சுவது ஊழின் நடை ஒன்றே. சிலப்பதிகாரத்தின் பதிகத்தில் கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் காவியத்துக்குள் நுழையும் நமக்கு இவ்வுணர்வு விளங்கும்.

இவ்வுத்திகளுட் பல ஜெர்மன் ஊமைப்படங்களில் பயின்றவை. அவற்றைச் சுமந்து வந்தோர் அகதிகள். வைல்டரும் லாங்கும் 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நாட்டைவிட்டு நீங்கியவர்கள். வல்லூற்றுப் படத்தில் நறுமணம் பூசிய கைக்குட்டையுடன் வரும் ஜோயல் கைரோவாக நடித்த பீட்டர் லோரியும் அவ்வாறே வந்தவர். லாங் 1931-இல் எடுத்த 'எம்' என்னும் படத்தில் கொலைகாரனாக நடித்துப் புகழ்பெற்றவர். பிரெமிங்கர் வியன்னாவிலிருந்து வந்தவர். தாம் பிறந்த மண் ஒரே இரவில் தமக்குப் பகையாக மாறியதைக் கண்டவர்கள் படைத்த உலகில், எந்தக் கதவும் முழுமையாகப் பாதுகாப்பானதன்று என்னும் எண்ணம் நிலவியதில் வியப்பில்லை.

மாடியில் நடந்த வழக்கு

இவற்றையெல்லாம் நூலில் படித்தறிவது ஒருவகை. நண்பரோடு இருந்து பார்த்தறிவது வேறுவகை. நம் வட்டத்தினர் பன்னிருவர் ஒருநாள் அன்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி இப்படத்தைப் பார்த்தோம். படம் நூறு நிமிடம் ஓடியது. அதன்மேல் எழுந்த வழக்கு நள்ளிரவைக் கடந்தது.

வழக்குக்குக் காரணம் படத்தின் முடிவு. ஆர்ச்சரைக் கொன்றவள் உதவி கேட்டு வந்த அப்பெண்ணே என்று ஸ்பேட் கண்டறிகிறான். அவளை அவன் விரும்புகிறான்; அவளும் விரும்புவதாகச் சொல்கிறாள். ஆயினும் காவலரிடம் ஒப்படைக்கிறான். ஆர்ச்சர்மீது அவனுக்குப் பெருமதிப்பு இருந்ததாகவும் சொல்ல முடியாது. ஆர்ச்சரின் மனைவியோடு அவனுக்குத் தகாத உறவு இருந்தது; கொலை நடந்த மறுநாளே அலுவலகக் கதவிலிருந்து நண்பனின் பெயரை அழிக்கச் சொன்னவனும் அவனே. இருந்தும், கூட்டாளி கொல்லப்பட்டால் கூட்டாளி சும்மா இருத்தல் ஆகாது என்று அவன் கூறுகிறான்.

"ஐயா, இது நட்பாகுமா?" என்று கேட்டார் இளங்கவிஞர் ஒருவர். "உயிரோடு இருந்தபோது மதிக்காதவனை இறந்தபின் மதிப்பதில் என்ன இருக்கிறது? அந்தப் பெண்ணைத் தண்டிக்க அவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். அவள் பொய் சொன்னாள் என்றால், அங்கே மெய் சொன்னவர் யார்?"

மூத்த உறுப்பினர், பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சற்றுப் பொறுத்தே விடை கூறினார். "பிடித்தவனுக்காக நிற்பது எல்லார்க்கும் எளிது, அம்மா. பிடிக்காதவனுக்கும் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைப்பவனைத்தான் நான் நம்புவேன். செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான். அவனுக்காகப் பேச ஒருவன் வேண்டும்."

"அப்படியானால் காட்டிக்கொடுப்பதும் அறம் என்கிறீர்களா?" என்றார் இளங்கவிஞர்.

அவ்வினாவுக்கு அன்று எவரும் விடை கூறவில்லை. தூக்கியின் மடக்குக் கதவு சாத்தப்படுகையில் அதன் கம்பிகள் அப்பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே விழும் இறுதிக் காட்சியை மட்டும் மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். வினாவுக்கு விடை படத்துக்கு வெளியே, அதன் மூலநூலை எழுதியவரின் வாழ்க்கையில் இருக்கிறது என்பது பின்னர்ப் படித்தபோது எனக்குத் தோன்றிய கருத்து.

பெயர் கேட்ட மன்றங்கள்

பாரிஸில் நண்பர்கள் படங்களுக்குப் பெயரிட்டு மகிழ்ந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறொரு பெயர்வேட்டை நடந்தது. அமெரிக்கப் பண்புக்கு மாறான செயல்களை ஆராய்வதாகச் சொல்லிக்கொண்ட நாடாளுமன்றக் கீழவைக் குழு 1947 அக்டோபரில் ஹாலிவுட் கலைஞர்களை அழைத்து விசாரித்தது. பொதுவுடைமைக் கட்சியில் இருந்தீரா என்பது கேள்வி. உம்மோடு இருந்தவர் யார் யார் என்பது பின்னாளில் அதனினும் பெரிய கேள்வியாயிற்று. விடையளிக்க மறுத்த பதின்மர் அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளாகி 1950-இல் சிறை புகுந்தனர். 'மர்டர், மை ஸ்வீட்' படத்தை இயக்கிய டிமிட்ரிக்கும் அதன் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஸ்காட்டும் அப்பதின்மரில் இருவர்.

அவ்விருவர் வழிகள் பின்னர்ப் பிரிந்தன. டிமிட்ரிக் சிறையிலிருந்து வந்தபின், 1951-இல் மீண்டும் குழுவின்முன் சென்று, பழைய தோழர்கள் பலரின் பெயர்களைச் சொன்னார். அவற்றுள் ஸ்காட்டின் பெயரும் ஒன்று. டிமிட்ரிக்குக்கு மீண்டும் படம் இயக்க வாய்ப்புக் கிடைத்தது. ஸ்காட் கறுப்புப் பட்டியலில் நீடித்தார். 'கறுப்பு' என்னும் அதே அடைமொழி இங்கு எத்தனை வேறு பொருள் தருகிறது!

குழுவை எதிர்க்க ஜான் ஹூஸ்டன், வில்லியம் வைலர், பிலிப் டன் ஆகியோர் 1947-இல் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். போகார்ட்டும் அவர் மனைவி லாரன் பகாலும் அவ்வணியோடு வாஷிங்டன் சென்றனர். எதிர்ப்பு வலுத்தபின் போகார்ட் பின்வாங்கினார்; தாம் பொதுவுடைமையர் அல்லர் என்று 1948-இல் இதழொன்றில் தம் பெயரில் விளக்கம் வெளியிட்டார். திரையில் யாருக்கும் அஞ்சாத சாம் ஸ்பேடாக வாழ்ந்தவர் அவர். அவரைக் குறைகூறுவது இன்று நமக்கு எளிது. அக்காலத்தில் ஒரு பெயர்ப்பட்டியல் எத்தனை குடும்பங்களின் உணவைப் பறித்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஹாம்மெட்டின் முறை 1951 ஜூலையில் வந்தது. வழக்குகளில் சிக்கியோர்க்குப் பிணைத்தொகை கட்டும் குடியுரிமை நிதியம் ஒன்றின் பொறுப்பாளருள் அவர் ஒருவர். அந்நிதியத்தால் பிணையில் வந்த பொதுவுடைமைக் கட்சித் தலைவர்கள் நால்வர் தலைமறைவாயினர். நிதிக்குப் பணம் தந்தவர்கள் யாவர் என்று கூட்டரசு நீதிமன்றம் ஹாம்மெட்டைக் கேட்டது. அவர் சொல்ல மறுத்தார். ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, ஏறத்தாழ ஐந்து மாதம் சிறையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. இளமையில் காசநோயால் நைந்த உடல். அவருடைய துப்பறிவாளனைக் கொண்டு நடந்துவந்த வானொலித் தொடரும் அவ்வாண்டே நின்றது. நெடுங்காலம் அவருடன் வாழ்ந்த எழுத்தாளர் லில்லியன் ஹெல்மன் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். ஹாம்மெட்டுக்கு அப்பெயர்களுள் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லையாம். 'தெரியாது' என்று மெய்யைச் சொல்லிவிட்டே அவர் வீடு திரும்பியிருக்கலாம். கேட்கும் உரிமை மன்றத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

மாடியில் எழுந்த வினாவை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். காதலியைக் காவலரிடம் ஒப்படைத்த பாத்திரத்தைப் படைத்தவர், முகமறியாதவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறை சென்றார். இவற்றுள் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்பேடின் கடன் பேச முடியாத ஒருவனுக்கு. ஹாம்மெட்டின் கடன் தம்மை நம்பிப் பணம் தந்தோர்க்கு. இரண்டிடத்தும் அவரவர்க்கு எளிதாக இருந்த வழி மற்றொன்று. ஸ்பேட் மௌனமாக இருந்திருந்தால் இன்பம் கிட்டியிருக்கும். ஹாம்மெட் வாய்திறந்திருந்தால் விடுதலை கிட்டியிருக்கும். சொல்வது அறமா, சொல்லாமை அறமா என்பதற்குப் பொதுவிதி இல்லை. நம்பியவர் பொருட்டுத் தன் நலத்தை விடுகிறானா என்பதே உரைகல். நட்பை ஆராய்வதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் மண்ணில் பிறந்த நாம் இவ்வுரைகல்லை அறியாதவர் அல்லர்.

காத்தவர்கள்

ஆக்கியோர் சிதறுண்டபின் இப்படங்களைக் காத்தவர்கள் கூடிப் பார்த்தவர்களே. 1936-இல் ஆன்றி லாங்லுவாவும் அவர் நண்பர்களும் தொடங்கிய பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகமும், போருக்குப்பின் பிரான்சு எங்கும் பெருகிய திரைப்படச் சங்கங்களும் பழைய படங்களைத் தேடித் திரையிட்டன. அவ்விருக்கைகளில் அமர்ந்து பார்த்துப் பேசிய இளைஞர்கள் த்ருஃபோ, கொதார் முதலியோர். கொதாரின் முதல் முழுநீளப் படத்தில் (1960) கதைநாயகன் திரையரங்கு வாயிலில் போகார்ட்டின் படத்தை நின்று நோக்கி, உதட்டை விரலால் வருடுகிறான். பார்வையாளர் படைப்பாளர் ஆன கணம் அக்காட்சியில் பதிவாகியுள்ளது.

பாரிஸில் பயின்ற காலத்தில் அக்காப்பகத்துக்குச் சென்றுவந்த சைரஸ் ஹார்வி என்னும் அமெரிக்கர், நாடு திரும்பி, நண்பர் பிரையன்ட் ஹாலிடேயுடன் சேர்ந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருகிலுள்ள பிராட்டில் அரங்கை 1953 முதல் திரையரங்காக நடத்தினார். போகார்ட் 1957 ஜனவரியில் இறந்தார். அவ்வாண்டு அங்குத் தொடங்கிய போகார்ட் படவிழாக்கள் தேர்வுக் காலச் சடங்காகவே ஆயின. மாணவர்கள் கூட்டமாக வந்து, நடிகரோடு சேர்ந்து உரையாடல்களை மனப்பாடமாக ஒப்பித்தனர். கூட்டாக ஓதப்படும் சொல் அழியாது என்பது நமக்குத் தெரிந்த செய்தி.

நம் நாட்டிலும் இவ்வழி உருவாயிற்று. சத்யஜித் ராயும் நண்பர்களும் 1947-இல் கல்கத்தாவில் திரைப்படக் கழகம் அமைத்தனர். கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களின் கழகங்கள் 1959-இல் கூட்டமைப்பாக இணைந்தன. தமிழ்த் திரையிலும் இம்மரபோடு வைத்துப் பேசத்தக்க படம் ஒன்று உண்டு. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக இயக்கி 1954-இல் வெளிவந்த 'அந்த நாள்' அது. பாட்டும் நடனமும் இல்லாத அப்படம், சென்னையில் குண்டு விழுந்த 1943-ஆம் ஆண்டில், சுட்டுக் கொல்லப்பட்ட வானொலிப் பொறியாளர் ஒருவரைப் பற்றிய விசாரணையாக நடக்கிறது. வந்தபோது மக்கள் ஆதரவு போதவில்லை. பின்வந்த திறனாய்வாளர்களே அதனைத் தமிழின் முதற் 'கறுப்புப் படம்' என்று வழங்கினர். இங்கும் கண்டோர் இட்ட பெயரே நிலைத்தது.

நிறைவாக

பத்தாண்டு என்பது ஒரு வட்டத்தின் வாழ்வில் சிறிய காலமன்று. நாம் எழுதியவற்றுள் எது நிற்கும் என்று நாம் அறியோம். ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டு, அதில் ஒளிரும் தொடரைச் சுட்டி, அதற்கு ஒரு பெயர் தந்து வந்திருக்கிறோம். தொகுத்தோர் செய்த தொண்டு அதுவே. 1946-இல் பாரிஸில் கண்டோர் செய்ததும் அதுவே. அதனினும் அரிய கடன் ஒன்று உண்டு. வேண்டாத இடத்தில், வேண்டாத நோக்கோடு நம்முள் ஒருவரின் பெயர் கேட்கப்படும் நாளில் வாய்திறவாதிருத்தல் அது. இவ்விரண்டையும் செய்ய இயலும் கூட்டமே வட்டம் எனத்தகும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் பரிட் சந்தின் சுவரில் ஒரு பித்தளைப் பலகை பதித்திருக்கிறார்கள். ஏறத்தாழ இவ்விடத்தில்தான் ஆர்ச்சர் கொல்லப்பட்டான் என்று கூறி, கொன்றவளின் பெயரையும் அது வெளிப்படையாகத் தெரிவிக்கிறது. கற்பனை மாந்தரைப் பற்றிய அச்செய்தியைப் படித்து வழிப்போக்கர் நகைத்துச் செல்வர். அந்நகரில் மன்றோ தெரு என்றொரு சிறு தெரு இருந்தது. ஹாம்மெட் சிலகாலம் வாழ்ந்த தெரு. நகரத் தெருக்கள் பன்னிரண்டுக்கு எழுத்தாளர், கலைஞர் பெயரைச் சூட்ட வேண்டும் என்று கவிஞர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி முயன்றதன் பயனாக, 1988-இல் அது டாஷியல் ஹாம்மெட் தெரு ஆயிற்று. பெயர் சொல்ல மறுத்தவருக்கு ஒரு கவிஞர் பெற்றுத்தந்த பெயர் அது.